தேசிய ஹாக்கி லீக்கில் கட்டற்ற தடுப்பாட்டக்காரர் தெரிவு

கட்டற்ற தடுப்பாட்டக்காரர் தெரிவு என்பது, வட அமெரிக்காவின் தொழில்முறைப் பனி ஹாக்கித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) ஒப்பந்தக் காலம் முடிந்து எந்த அணிக்கும் கட்டுப்படாத நிலையில் உள்ள தடுப்பாட்டக்காரர்களைத் தேர்ந்து, அவர்களோடு ஒப்பந்தம் செய்து, ஓர் அணி தன் தடுப்பு வரிசையை வலுப்படுத்துவதைக் குறிக்கும். இச்சந்தை வழமையாக ஒவ்வோர் ஆண்டும் சூலை 1 ஆம் நாள் திறக்கின்றது. பெரிய ஒப்பந்தங்கள் பலவும் முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகின்றன. அந்த ஒரு நாள் எடுக்கப்படும் முடிவு ஓர் அணியை ஏழு, எட்டு ஆண்டுகள் வரை கட்டிப்போடக் கூடியது. 2005 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய ஒப்பந்தங்களை ஒப்பிட்டால் ஒரு பொதுப் போக்கு தெரிகின்றது. புகழ்பெற்றவரைத் தேடி வாங்கிய அணிகளை விட, தம் வரிசையில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதை முதலில் அறிந்துகொண்டு வாங்கிய அணிகளே பெரும்பாலும் பயன் பெற்றுள்ளன.

தடுப்பாட்டக்காரரும் நீலக்கோடும்

பனி ஹாக்கி ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. இதனைக் குறுக்காக இரண்டு நீலக்கோடுகள் மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. தாக்கும் அணியினர் எவரும் பக் எனப்படும் இறப்பர்த் தட்டுக்கு முன்னதாக எதிரணியின் நீலக்கோட்டைக் கடந்து செல்லக் கூடாது. ஆகவே தட்டு நீலக்கோட்டைக் கடக்கும் இடமே ஆட்டத்தின் வாயில் போன்றது. தன் அணி தாக்கும்போது தடுப்பாட்டக்காரர்கள் இக்கோட்டின் மேல் நின்று தட்டு வெளியேறாமல் காக்கின்றனர். எதிரணி தாக்கும்போது தம் பக்கத்து நீலக்கோட்டில் நின்று நுழைவைத் தடுக்கின்றனர். இதனாலேயே ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர் அனைவரையும் சேர்த்து "நீலக்கோடு" என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

ஓர் ஆட்டத்தில் பொதுவாக ஆறு தடுப்பாட்டக்காரர்கள் மூன்று இணைகளாக ஆடுகின்றனர். ஆட்ட நேரம் 60 நிமிடங்கள். முதல் இணையில் உள்ள ஒருவர் இதில் 22 முதல் 25 நிமிடங்கள் வரை ஆடுவது வழக்கம். முன்னாட்டக்காரர் பன்னிருவர் இருப்பதால் அவர்களுள் ஒருவர் சோர்ந்தாலும் ஈடுசெய்ய முடியும். தடுப்பு வரிசையில் ஒருவர் குறைந்தால் அவருடைய நிமிடங்கள் உடனே பிறர் மேல் விழும். மூன்றாம் இணைக்கு ஏற்றவர் முதல் இணையின் வேலையைச் செய்ய வேண்டிய நிலை அப்போது உண்டாகின்றது.

கட்டற்ற நிலையின் வரலாறு

லீக்கில் ஆடுவோர் பெரும்பாலும் தம் 18 ஆம் வயதில் புதுமுகத் தெரிவின் வழியாக ஓர் அணிக்கு ஒதுக்கப்படுகின்றனர். எந்த அணி என்பதில் அவர்களுக்கு உரிமை இல்லை. முதல் ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் பெறுவது வரையறுத்த கட்டற்ற நிலை மட்டுமே. வேறோர் அணி அவர்களுக்கு ஊதியம் முன்மொழிந்தால் பழைய அணி அதே தொகையை அளித்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். இல்லையெனில் ஈடாகப் புதுமுகத் தெரிவு வாய்ப்புகளைப் பெறலாம்.

இந்த விதியின் வலிமையை உணர்த்தியவர் தடுப்பாட்டக்காரரான ஸ்காட் ஸ்டீவன்ஸ் ஆவார். 1990 இல் செயிண்ட் லூயிஸ் புளூஸ் அணி அவரை வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் அணியிடமிருந்து ஒப்பந்தம் செய்து, ஈடாக ஐந்து முதற்சுற்றுத் தெரிவு வாய்ப்புகளை இழந்தது. மறு ஆண்டு அதே அணி நியூ செர்சி டெவில்ஸ் அணியின் பிரெண்டன் சனகனை ஒப்பந்தம் செய்தது. அதற்கு ஈடாக ஸ்டீவன்சை நியூ செர்சிக்கு அளிக்க வேண்டும் என நடுவர் தீர்ப்பளித்தார். நியூ செர்சியின் தலைவராக அவர் 1995, 2000, 2003 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார்.

முழுக் கட்டற்ற நிலையைப் பெறும் வயது முன்னர் 31 ஆக இருந்தது. 2004-05 பருவம் முழுவதும் கதவடைப்பால் கைவிடப்பட்டது. அதனை முடிவுக்குக் கொணர்ந்த 2005 ஒப்பந்தம் இந்த வயதைப் படிப்படியாக 27 ஆகக் குறைத்தது. ஏழு பருவங்கள் ஆடியவர்களும் இந்நிலையைப் பெறலாம். இம்மாற்றத்தால், ஆற்றலின் உச்சத்தில் உள்ள தடுப்பாட்டக்காரர்கள் முதன்முறையாகப் பெருமளவில் சந்தைக்கு வந்தனர்.

ஊதிய உச்சவரம்பு

அதே 2005 ஒப்பந்தம் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய உச்சவரம்பு ஒன்றை விதித்தது. 2005-06 பருவத்தில் இது 39 மில்லியன் அமெரிக்க டாலர். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்துக் கிடைக்கும் சராசரியே உச்சவரம்பில் கணக்கிடப்படுகின்றது. ஆகவே ஓர் அணி எவ்வளவு செல்வம் உடையதாயினும், ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொருவருக்குக் குறைத்தே ஆக வேண்டும்.

தவறான ஒப்பந்தத்திலிருந்து விடுபடும் வழிகள் குறைவு. அவற்றுள் முதன்மையானது விலைகொடுத்து முறித்தல் ஆகும். 26 வயதுக்கு மேற்பட்டவருக்கு எஞ்சிய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, எஞ்சிய ஆண்டுகளின் இருமடங்கு காலத்தில் அணி செலுத்த வேண்டும். ஆட்டக்காரர் வேறிடம் சென்ற பின்னரும் அவர் பெயரில் ஒரு தொகை உச்சவரம்பில் நின்றுகொண்டிருக்கும்.

ஒப்பந்தங்களின் நீளத்துக்கும் 2013 இல் எல்லை விதிக்கப்பட்டது. தன் அணியோடு மீண்டும் ஒப்பந்தம் செய்பவருக்கு எட்டு ஆண்டுகள், வேறு அணிக்குச் செல்பவருக்கு ஏழு ஆண்டுகள் என்பதே அந்த எல்லை.

குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டுகள்

சாராவும் ரெடனும் (2006)

2006 கோடையில் ஒட்டாவா செனட்டர்ஸ் அணியின் இரு முதன்மைத் தடுப்பாட்டக்காரர்களான சிடெனோ சாரா, வேட் ரெடன் ஆகியோரின் ஒப்பந்தங்கள் ஒரே நேரத்தில் முடிவடைந்தன. இருவரும் 1977 இல் பிறந்தவர்கள். உச்சவரம்பு காரணமாக இருவரையும் வைத்துக்கொள்வது அணிக்குக் கடினமாக இருந்தது. 2005-06 பருவத்தில் ரெடன் 65 ஆட்டங்களில் 50 புள்ளிகளும், சாரா 71 ஆட்டங்களில் 43 புள்ளிகளும் எடுத்திருந்தனர். ஒட்டாவா ரெடனைத் தக்கவைத்தது. சாரா ஐந்தாண்டுகளுக்கு 37.5 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டன் புருயின்ஸ் அணிக்குச் சென்றார்.

6 அடி 9 அங்குல உயரம் கொண்ட சாரா, எதிரணியின் தலைசிறந்த முன்னாட்டக்காரர்களை ஒவ்வோர் இரவும் எதிர்கொள்ளும் பணியைப் பாஸ்டனில் ஏற்றார். 2009 இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கிண்ணத்தையும், 2011 இல் அணித்தலைவராக ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றார். 2022 இல் ஓய்வு பெற்றபோது, லீக்கில் மிகுதியான ஆட்டங்களில் (1,680) பங்கேற்ற தடுப்பாட்டக்காரர் என்ற சிறப்பு அவருக்கு இருந்தது.

ரெடன் 2008 இல் ஆறாண்டுகளுக்கு 39 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் நியூ யோர்க் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கு அவர் எடுத்த புள்ளிகள் முதற்பருவத்தில் 26 ஆகவும் அடுத்த பருவத்தில் 14 ஆகவும் குறைந்தன. 2010 இல் அவர் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டு, இரு பருவங்கள் அங்கேயே ஆடினார். 2013 சனவரியில் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது.

ஒட்டாவாவின் முடிவை அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. ரெடன் இடம்பெற்ற அவ்வணி 2007 இல் ஸ்டான்லி கிண்ண இறுதிப் போட்டி வரை சென்றது. எனினும், புள்ளிகளின் எண்ணிக்கை அடுத்த பத்தாண்டைக் கணிக்கப் போதாது என்பதற்கு இவ்விருவரின் வாழ்க்கையே அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது.

ரயன் சூட்டர் (2012)

2012 சூலை 4 அன்று மினசோட்டா வைல்ட் அணி தடுப்பாட்டக்காரர் ரயன் சூட்டர், முன்னாட்டக்காரர் சாக் பரீசே ஆகிய இருவரையும் தலா 13 ஆண்டுகளுக்கு 98 மில்லியன் டாலர் என்ற ஒரே அளவான ஒப்பந்தங்களில் சேர்த்துக்கொண்டது. சூட்டர் ஆட்டத்தில் குறை வைத்தவர் அல்லர். 2013-14 பருவத்தில் அவர் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 29 நிமிடங்களுக்கு மேல் ஆடினார். ஆயினும் அவர் அங்கு இருந்த ஒன்பது பருவங்களில் அணி ஒருமுறையேனும் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை.

2021 சூலையில் இரு ஒப்பந்தங்களையும் அணி விலைகொடுத்து முறித்தது. அதன் விளைவாக 2023-24, 2024-25 ஆகிய இரு பருவங்களிலும், அணியில் இல்லாத இவ்விருவருக்காக ஏறத்தாழ 14.7 மில்லியன் டாலர் உச்சவரம்பில் கழிக்கப்பட்டது. 2023-24 இல் உச்சவரம்பு 83.5 மில்லியன் டாலர் என்பதால், இது ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியாகும். தெரிவு செய்யப்பட்ட ஆட்டக்காரர் தகுதியுடையவராக இருந்தும், ஒப்பந்தத்தின் நீளமே ஓர் அணியைப் பிணிக்கக் கூடும் என்பதை இது காட்டுகின்றது.

சூட்டரை இழந்த நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணியும் விலை கொடுத்தது. அதே மாதத்தில் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணி, நாஷ்வில்லின் மற்றொரு தடுப்பாட்டக்காரரான செய் வெபருக்கு 14 ஆண்டுகளுக்கு 110 மில்லியன் டாலர் முன்மொழிந்தது. இருவரையும் ஒரே கோடையில் இழக்க விரும்பாத நாஷ்வில் அத்தொகையை ஏற்று வெபரைத் தக்கவைத்துக்கொண்டது.

கெவின் சாட்டன்கேர்க் (2017-2020)

நியூ யோர்க் மாநிலத்தின் நியூ ரோசெல் நகரில் வளர்ந்த சாட்டன்கேர்க், 2017 இல் நான்காண்டுகளுக்கு 26.6 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். முதற்பருவத்திலேயே முழங்காலில் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. 2018 பெப்ரவரியில் அணியை மீளக் கட்டப் போவதாக நிர்வாகம் இரசிகர்களுக்குக் கடிதம் எழுதியது. 2019 இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது.

அதே கோடையில் டாம்பா பே லைட்னிங் அணி அவரை ஓராண்டுக்கு 1.75 மில்லியன் டாலருக்கு எடுத்துக்கொண்டது. விக்டர் எட்மன் போன்றோர் அங்கு கடினமான நிமிடங்களை ஏற்றிருந்தனர். எனவே சாட்டன்கேர்க் தட்டை முன்னகர்த்துவதிலும், எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியேறியிருக்கும் "ஆள்மிகை" நேரத்திலும் தன் திறனைக் காட்டினார். 2020 இறுதிப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் அவரே. அவ்வாண்டு டாம்பா பே கிண்ணத்தை வென்றது. ஒரே ஆட்டக்காரர் ஓரிடத்தில் சுமையாகவும் மற்றோரிடத்தில் ஆதாயமாகவும் இருக்க இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

பியட்ராஞ்சலோவும் குரூக்கும் (2020)

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 ஆம் ஆண்டின் சந்தை அக்டோபரில் திறந்தது. 2019 இல் செயிண்ட் லூயிஸ் அணிக்குக் கிண்ணம் வென்று தந்த தலைவரான அலெக்ஸ் பியட்ராஞ்சலோவுடன் அவ்வணியால் உடன்பாடு காண முடியவில்லை. அவ்வணி பாஸ்டனின் டோரி குரூக்கை ஏழாண்டுகளுக்கு 45.5 மில்லியன் டாலருக்கு எடுத்தது. சில நாட்களில் பியட்ராஞ்சலோ ஏழாண்டுகளுக்கு 61.6 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் அணியில் இணைந்தார். அவருக்கு இடமளிக்க வேகாஸ், நேட் சிமிட்டை வான்கூவர் கனக்ஸ் அணிக்கு அனுப்பியது.

அதற்கு முந்தைய பருவத்தில் பியட்ராஞ்சலோ 52 புள்ளிகளும் குரூக் 49 புள்ளிகளும் எடுத்திருந்தனர். எண்கள் அருகருகே இருந்தாலும் வேலைகள் வேறானவை. பியட்ராஞ்சலோ உயரமானவர், வலக்கை ஆட்டக்காரர், எல்லாச் சூழலிலும் ஆடக் கூடியவர். குரூக் 5 அடி 9 அங்குல உயரமுடையவர், இடக்கை ஆட்டக்காரர், ஆள்மிகை நேரத்தில் சிறந்தவர். வேகாஸ் 2023 இல் கிண்ணம் வென்றது. இரு ஒப்பந்தங்களும் உடலின் வரம்பையும் காட்டின. கணுக்கால் பாதிப்பால் குரூக் 2024-25 பருவம் முழுவதையும் இழந்தார். இடுப்புப் பாதிப்பால் ஆட்டத்திலிருந்து விலகி இருக்கப் போவதாக 2025 சூன் மாத இறுதியில் பியட்ராஞ்சலோ பற்றி அறிவிக்கப்பட்டது.

புளோரிடா பாந்தர்ஸ் (2023-2025)

2023 கோடையில் புளோரிடா பாந்தர்ஸ் அணியின் தேவை தெளிவாக இருந்தது. ஏரன் எக்பிளாட், பிரண்டன் மொண்டூர் இருவரும் தோள்பட்டை அறுவை மருத்துவத்தின் பின் பருவத் தொடக்கத்தில் ஆட இயலாத நிலையில் இருந்தனர். வான்கூவர் அணி அப்போது ஒலிவர் எக்மன்-லார்சனின் ஒப்பந்தத்தை முறித்திருந்தது. புளோரிடா அவரை ஓராண்டுக்கு 2.25 மில்லியன் டாலருக்கு எடுத்தது. நீண்ட கைகளும் விரைவும் கொண்ட நிக்கோ மிக்கோலா மூன்றாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2.5 மில்லியன் டாலருக்கு வந்தார். அணியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரராக வளர்ந்த குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங், 2021 இல் கரோலினா அணி விடுவித்தபோது ஈடு ஏதுமின்றிப் பெறப்பட்டவர். 2024 இல் புளோரிடா தன் முதல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது.

வெற்றிக்குப் பின் மொண்டூர் ஏழாண்டுகளுக்கு 50 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் சியாட்டில் கிராக்கன் அணிக்கும், எக்மன்-லார்சன் நான்காண்டு ஒப்பந்தத்தில் டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கும் சென்றனர். புளோரிடா அத்தொகைகளோடு போட்டியிடவில்லை. வின்னிபெக் அணி ஒப்பந்தத்தை முறித்த நேட் சிமிட்டை ஓராண்டுக்கு 8 இலட்சம் டாலருக்கு எடுத்தது; 2025 மார்ச்சில் சேத் ஜோன்சைப் பரிமாற்றத்தில் பெற்றது; அவ்வாண்டும் கிண்ணத்தை வென்றது. மலிவான ஒப்பந்தங்கள் மட்டுமே இவ்வெற்றிக்குக் காரணம் எனக் கூற முடியாது. முதன்மை இடங்களில் தகுதியானவர்கள் ஏற்கனவே இருந்ததால், எஞ்சிய இடங்களுக்குக் குறைந்த விலையில் பொருத்தமானவர்களைத் தேடும் வசதி அவ்வணிக்கு இருந்தது.

தெரிவில் கருதப்படுவன

மேற்கண்டவற்றிலிருந்து அணி நிர்வாகங்கள் பொதுவாகக் கருதும் கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

வேலைப் பகுப்பு: ஒருவர் புள்ளிகளை எந்தச் சூழலில் பெற்றார் என்பது எத்தனை பெற்றார் என்பதை விட முதன்மையானது. ஆள்மிகை நேரத்தில் சிறந்த முன்னாட்டக்காரர்களோடு ஆடுபவருக்குக் கோல் உதவிகள் எளிதில் சேரும். புதிய அணியில் அந்த இடம் ஏற்கனவே நிரம்பியிருந்தால் அவருடைய மதிப்பின் பெரும்பகுதி மறைந்துவிடும். 2020 இல் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி டைசன் பேரியை ஓராண்டுக்கு 3.75 மில்லியன் டாலருக்கு எடுத்தபோது அந்த இடம் அவருக்காகவே காத்திருந்தது. அப்பருவத்தில் தடுப்பாட்டக்காரர்களுள் மிகுதியான புள்ளிகளை (48) அவரே எடுத்தார்.

கைப்பக்கம்: தடுப்பாட்டக்காரர்களில் இடக்கைப் பக்கம் மட்டையைப் பிடிப்பவர்களே மிகுதி. வலப்புற விளிம்பில் வரும் தட்டை வலக்கை ஆட்டக்காரர் மட்டையின் முன்பக்கத்தால் எளிதில் நிறுத்தி உடனே கடத்தலாம். இடக்கை ஆட்டக்காரர் பின்பக்கத்தால் தடுமாற நேரிடும். பற்றாக்குறையால் வலக்கை ஆட்டக்காரர்களின் விலை உயர்கின்றது.

ஆட்டக் கட்டுப்பாடு: ஒருவர் களத்தில் இருக்கும்போது இரு அணிகளும் கோலை நோக்கிச் செய்யும் முயற்சிகளின் வேறுபாடு "கோர்சி" என்ற அளவால் கணக்கிடப்படுகின்றது. பஃபலோவின் கோல்காப்பாளர் பயிற்றுநராக இருந்த சிம் கோர்சியின் பெயரால் இது வழங்குகின்றது. இந்த அளவும் உடன் ஆடுபவரின் தரத்தையும் எதிர்கொள்பவரின் தரத்தையும் சார்ந்தது என்பதால் தனித்துக் கொள்ளப்படுவதில்லை.

வயதும் வேகமும்: முழுக் கட்டற்ற நிலை பெறுவோர் பெரும்பாலும் 27 வயதுக்கு மேற்பட்டோர். ஏழாண்டு ஒப்பந்தத்தின் பின்பாதி அவர்களின் 30களில் அமைகின்றது. தட்டைத் தடுத்து வீசுதலை மறிப்பவர்கள் கால்வேகத்தை இழக்கும்போது வீழ்ச்சி விரைவாகின்றது. மொண்ட்ரியால் கனேடியன்ஸ் அணி 2017 இல் ஐந்தாண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்த கார்ல் ஆல்ஸ்னர் மறு ஆண்டே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். 2020 இல் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது.

ஆட்டக்காரரின் நிலை

இத்தெரிவு அணிகளின் கணக்கு மட்டும் அன்று. பதினெட்டு வயதில் தன்னைக் கேளாமலே ஓர் ஊருக்கு அனுப்பப்பட்ட ஒருவர், தான் எங்கு வாழ்வது என்பதைத் தானே முடிவு செய்யும் முதல் வாய்ப்பு இதுவே. பலருக்கு அது ஒரே வாய்ப்பாகவும் அமைகின்றது. 2005 இல் ஸ்காட் நீடர்மையர், தன் தம்பி ராப் நீடர்மையர் ஆடிய அனாகைம் அணியைத் தேர்ந்தார். 2007 இல் இருவரும் சேர்ந்து கிண்ணம் வென்றனர். மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த பிரையன் ரஃபால்ஸ்கி 2007 இல் டிட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்குச் சென்று மறு ஆண்டே வென்றார். நீண்ட ஒப்பந்தத்தை அணிகள் இடராகக் காண்கின்றன. வீசப்படும் தட்டுகளின் முன் உடலை வைத்துப் பிழைப்பவருக்கு அதுவே காயத்துக்கு எதிரான காப்பீடு ஆகும்.

2025 ஆம் ஆண்டும் அதன் பின்னும்

பெருந்தொற்றினால் உச்சவரம்பு 2019-20 முதல் மூன்று பருவங்கள் 81.5 மில்லியன் டாலரில் நின்றது. 2024-25 இல் 88 மில்லியனாகவும் 2025-26 இல் 95.5 மில்லியனாகவும் அது உயர்ந்தது. 2026-27 க்கு 104 மில்லியன், 2027-28 க்கு 113.5 மில்லியன் என்ற அளவுகள் 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டன. இதனால் எல்லா அணிகளிடமும் ஒரே நேரத்தில் பணம் சேர்ந்தது. தம் ஆட்டக்காரர்களைத் தக்கவைப்பது அணிகளுக்கு எளிதாயிற்று. சந்தைக்கு வருவோர் குறைந்தனர். 2025 கோடையில் எக்பிளாட் எட்டாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 6.1 மில்லியன் டாலருக்குப் புளோரிடாவிலேயே தங்கினார். இவான் புரோவரோவ் ஏழாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 8.5 மில்லியன் டாலருக்குக் கொலம்பசில் தங்கினார். சந்தைக்கு வந்த விளாடிஸ்லாவ் கவ்ரிகோவை ரேஞ்சர்ஸ் அணி ஏழாண்டுகளுக்கு 49 மில்லியன் டாலருக்கு எடுத்தது. எக்பிளாடின் மொத்தத் தொகை 48.8 மில்லியன் என்பதால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் அது ஓராண்டு கூடுதலாகப் பரவியிருப்பதால் புளோரிடாவின் ஆண்டுச் சுமை குறைவாகின்றது. புளோரிடா மாநிலத்தில் தனிநபர் வருமான வரி இல்லாததும் அங்கு தங்குவதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு.

2025 இல் ஏற்கப்பட்டு 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வருவதாக வகுக்கப்பட்ட புதிய ஒப்பந்தம், நீள எல்லையைத் தன் அணிக்கு ஏழாண்டுகள், பிற அணிக்கு ஆறாண்டுகள் எனக் குறைக்கின்றது. பருவத்தின் ஆட்டங்களை 82 இலிருந்து 84 ஆக உயர்த்துகின்றது. ஆட்டங்கள் கூடும்போது ஆறாவது, ஏழாவது தடுப்பாட்டக்காரரின் தேவையும் கூடும். காலம் குறையும்போது, ஆட்டக்காரர்கள் அதற்கு ஈடாக ஆண்டு ஊதியத்தை உயர்த்திக் கேட்கக் கூடும். ஆகவே தவறான தெரிவின் சுமை குறைந்த ஆண்டுகளே நீடிக்கும். ஆனால் அந்த ஆண்டுகளில் அது மிகுதியாக அழுத்தும். எந்த நிமிடங்களுக்கு ஆள் தேவை என்ற கேள்விக்கு விடை காணாமல் சந்தைக்குச் செல்லும் அணிகளுக்கு, உயரும் உச்சவரம்பு உதவியாக இருப்பதை விட, பிழையைப் பெரிதாக்கும் வாய்ப்பாகவே அமையக் கூடும்.